சிவப்பு அரிவாள் மூக்கன்: ஓர் அண்ணன், ஒரு தம்பி

ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலும் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்திலும் சேற்றைக் கிளறி இரை தேடும் அரிவாள் மூக்கனைப் பலரும் பார்த்திருப்போம். வெள்ளை உடல், கறுப்புத் தலை, கீழே வளைந்த அலகு. அதன் உறவுக்காரப் பறவை ஒன்று தென் அமெரிக்கச் சதுப்புகளில் வாழ்கிறது. உடல் முழுக்கச் சிவப்பு. அதன் பெயரையே தலைப்பாக்கி அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஹர்ஸ்ட் எழுதிய சிறுகதைதான் ‘தி ஸ்கார்லெட் ஐபிஸ்’. 1960இல் ‘தி அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வெளிவந்தது.

பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் நினைத்த குழந்தை ஒன்று பிறக்கிறது. அப்பா சவப்பெட்டியே செய்யச்சொல்லிவிடுகிறார். குழந்தை பிழைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டூடுல்பக்’ எனப்படும் குழியானைப் பூச்சிபோலப் பின்னோக்கித் தவழ்வதால் அண்ணன் அவனுக்கு ‘டூடுல்’ என்று பட்டப்பெயர் வைக்கிறான். ஐந்து வயதாகியும் நடக்காத தம்பி அண்ணனுக்கு அவமானம். யாருக்கும் தெரியாமல் நடக்கப் பழக்குகிறான், வெற்றியும் பெறுகிறான். அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிக்குப் போவதற்குள் ஓட்டம், நீச்சல், மரமேறுதல், சண்டை எல்லாம் கற்றுத்தர முடிவெடுக்கிறான்.

1918 கோடை. புயல் அடித்துக்கொண்டுவந்த சிவப்புப் பறவை ஒன்று அவர்கள் வீட்டு மரத்திலிருந்து விழுந்து சாகிறது. டூடுல் தனியாக அதைப் புதைக்கிறான். அன்றே பயிற்சி தோற்றுப்போய், இடிமழையில் இருவரும் திரும்புகிறார்கள். கோபத்தில் அண்ணன் முன்னே ஓடிவிடுகிறான். தன்னை விட்டுப் போகாதே என்று தம்பி கத்துவது கேட்டும் நிற்கவில்லை. பிறகு தேடிப்போகும்போது, வாயிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தையும் சட்டையையும் சிவப்பாக்கியிருக்க, தம்பி இறந்துகிடக்கிறான்.

பறவையின் சாவைக் காட்டித் தம்பியின் சாவை உணர்த்தும் இந்த வகைக் குறிப்பு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் உள்ளுறை என்று இதற்கு இலக்கணமே சொல்கிறது. மருதத்தில் எருமை தாமரையை மேய்ந்ததாகத் தோழி சொன்னால், அவள் பேசுவது எருமையைப் பற்றியல்ல. ஹர்ஸ்டின் பறவையையும் அப்படிப் படிக்கவேண்டும். பறவைதான் டூடுல் என்பது எளிதில் பிடிபடும்; சிவப்பு, ஒல்லிக் கால்கள், வளைந்த கழுத்து எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் உள்ளுறையை முழுதாகப் பொருத்திப் பார்த்தால் ஒரு கேள்வி எழும்: பறவையைத் தன் நிலத்தைவிட்டுத் துரத்தியது புயல் என்றால், டூடுலைத் துரத்திய புயல் எது? தம்பியின் உடல் தாங்காத தூரத்துக்கு அவனைத் தள்ளிக்கொண்டுபோனது அண்ணனின் கர்வம்.

கதையின் சோகத்துக்கு மரணம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. டூடுல் முதன்முறை வீட்டார்முன் நடந்துகாட்டும்போது அண்ணன் அழுகிறான். எல்லோரும் அண்ணனைக் கொண்டாட, தம்பிக்காகச் செய்யவில்லை, தன் அவமானம் தீரவே செய்தேன் என்பது அவனுக்கு மட்டும் தெரிகிறது. அதே கர்வம்தான் தம்பிக்குக் கால்களையும் தந்தது. அதனால்தான் அவனை வெறுக்கவும் முடிவதில்லை, மன்னிக்கவும் முடிவதில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பெரியவனாகிக் கதை சொல்லும் அந்த அண்ணனுக்குக் கதை முழுக்கப் பெயர் கிடையாது. டூடுல் அவனைக் கூப்பிட்ட உறவுப்பெயர் மட்டுமே இருக்கிறது.