ஒட்டுண்ணியும் விருந்துவழங்கியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்து மலேரியா பற்றிய ஒரு நோக்கு

ஓர் உயிரி மற்றோர் உயிரியின் உடலிலே தங்கி, அதன் உணவைத் தனதாக்கி, அதற்குத் தீங்கு விளைத்து வாழ்வதை ஒட்டுண்ணி வாழ்வு என்பர். இவ்வாழ்வில் ஒரு முரண்பாடு உள்ளது. விருந்துவழங்கி விரைவில் இறப்பின் ஒட்டுண்ணியும் உடன் அழியும். விருந்துவழங்கி முற்றாக நலம் பெறினும் அது அழியும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலேயே அது தன் சந்ததியைப் பிறிதோர் உடலுக்கு அனுப்பியாக வேண்டும். இவ்வுண்மையை விளக்குவதற்கு, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்து அண்மைக் காலத்தில் மறைந்த மலேரியா தக்க எடுத்துக்காட்டாகும்.

உடலினுள் ஒட்டுண்ணி

மலேரியா ஒட்டுண்ணிக்கு மனிதர், அனோபிலிஸ் பெண் நுளம்பு என விருந்துவழங்கிகள் இரண்டு. நுளம்பின் உமிழ்நீருடன் புகும் ஒட்டுண்ணிகள் முதலில் ஈரலை அடைந்து பெருகுகின்றன. பின்னர் இரத்தத்திற் கலந்து செங்குழியங்களைத் துளைத்துப் புகுந்து, அவற்றை உடைத்து வெளிவருகின்றன. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் எனும் இனத்தில் இச்சுற்று 48 மணித்தியாலங்களில் நிறைவுறும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும் தோன்றுவது இதனாலேயே. பல்சிபாரம் எனும் இனம் கொடியது. அதனாற் பீடிக்கப்பட்ட செங்குழியங்கள் மூளையின் நுண்குருதிக் கலன்களில் ஒட்டி அவற்றை அடைத்து உயிரைப் பறிக்கவல்லன.

வைவாக்ஸ் வேறொரு வழியைக் கைக்கொள்கிறது. அதன் சில வடிவங்கள் ஈரலில் மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ உறங்கிக் கிடந்து மீண்டும் விழிக்கின்றன. நுளம்பு பெருகாத கோடையை ஒட்டுண்ணி மனித உடலிலேயே கழித்துவிடுகிறது. நோயாளி நலமுற்றவராய் நடமாடும் காலமும் அதற்குச் சேமிப்புக் காலமே.

வாவியும் நுளம்பும்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, கடலை அடுத்த எழுவான்கரையையும் வயலும் குளமும் காடும் நிறைந்த படுவான்கரையையும் பிரிக்கின்றது. வடகீழ்ப் பருவமழையில் வாவிநீர் நன்னீர்த் தன்மை பெறும். கோடையில் உவர்ப்புக் கூடும். இம்மாற்றம் நுளம்பினங்களுக்கு வெவ்வேறு வாழிடங்களை அளிக்கின்றது. இலங்கையில் மலேரியாவின் முதன்மைக் காவியான அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் ஆற்றுப்படுக்கைக் குட்டைகள் போன்ற தெளிந்த நன்னீரை விரும்புவது. கரையோர உவர்நீரிலே பெருகும் ஒருவகை, அனோபிலிஸ் சப்பிக்டஸின் உப இனம் என நெடுங்காலம் கருதப்பட்டது. கிழக்குக் கரையோரத்தில் அவ்வாறு எண்ணப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, தென்கிழக்காசியக் கரையோரங்களில் மலேரியாவைப் பரப்பும் சண்டைக்கஸ் தொகுதியைச் சேர்ந்தவை என 2010 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

எனினும் நுளம்பு இருப்பது மாத்திரம் நோய்க்குப் போதாது. நோயாளியின் இரத்தத்தை உறிஞ்சிய நுளம்பினுள் ஒட்டுண்ணி முதிர்வதற்கு ஏறத்தாழ பத்து நாட்கள் வேண்டும். அதுவரை அந்நுளம்பு உயிர்வாழ்ந்து, பின்னர் மற்றொருவரைக் கடித்தாக வேண்டும்.

பழக்கமும் வறுமையும்

1934–35 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. மலேரியா என்றும் குடிகொண்டிருந்த உலர்வலயத்தை விட, தென்மேற்குப் பகுதிகளே பேரழிவைக் கண்டன. வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியமை ஒரு காரணம். அங்குள்ள மக்களின் உடல் இவ்வொட்டுண்ணியோடு பழகாதிருந்தமை மற்றொன்று. முன்னரே நிலவிய பசியும் பஞ்சமும் வேறொன்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு பருப்பையும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றமை, நோயின் சமூக வேரை அவர்கள் உணர்ந்திருந்தமைக்குச் சான்று.

உலர்வலய மக்கள் பெற்றிருந்த எதிர்ப்பாற்றலை ஒரு நற்பேறாகக் கொள்வது தவறு. வீங்கிய மண்ணீரலும் இரத்தச்சோகையும் குழந்தைச் சாவுமே அதற்கு மக்கள் செலுத்திய விலை. ஒட்டுண்ணியும் விருந்துவழங்கியும் எய்தும் 'சமநிலை' என்பது பல சமயங்களில் வறியவர் உடலின் மேல் நிறுவப்பட்ட சமநிலையேயாகும்.

அறுந்த கண்ணி

டி.டி.ரி. தெளிப்பின் பயனாக 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். விழிப்புத் தளர்ந்தது, 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. போர்க்காலமாகிய 1990களில் வடக்குக் கிழக்கு மாவட்டங்களே பெருஞ்சுமையைத் தாங்கின. ஆயினும் நடமாடும் மருத்துவ அணிகளும் இரத்தப் பரிசோதனையும், மருந்தூட்டிய நுளம்பு வலைகளும் கிராமங்களை அடைந்தன. 1999 இல் இரண்டரை இலட்சத்திற்கு மேலிருந்த நோயாளர் தொகை 2005 இல் இரண்டாயிரத்திற்கும் கீழிறங்கியது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையெங்கும் உவர்நீரைத் தேக்கியபோது, பெருந்தொற்று எழும் என அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. நுளம்புக்கு நீர் இருந்தது. அது உறிஞ்சுவதற்கு ஒட்டுண்ணி கொண்ட இரத்தம் அரிதாயிருந்தது. சங்கிலி முதன்மையாக மனிதக் கண்ணியில் நலிந்திருந்தமையை இது உணர்த்துகின்றது. 2012 ஒக்டோபரில் இறுதி உள்நாட்டு நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆனால் காவி நுளம்புகள் அழிந்துவிடவில்லை. நகரக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி 2017 இல் மன்னாரிற் பதிவாகியுள்ளது. வெளிநாட்டில் தொற்றுப்பெற்ற ஒருவரிடமிருந்து உள்ளூரில் மற்றொருவருக்கு நோய் பரவிய நிகழ்வு 2018 இல் உறுதிப்படுத்தப்பட்டது. மீண்டுவரும் அகதியையும் தொழிலாளியையும் யாத்திரிகரையும் இதன் பொருட்டுக் குற்றவாளியாக நோக்கின், அவர் காய்ச்சலை மறைப்பார். ஒட்டுண்ணிக்கு வேண்டியதும் அதுவே. எங்கிருந்து வந்தீர் எனப் பரிவோடு வினவி, ஒரு துளி இரத்தத்தைப் பரிசோதித்து, ஈரலில் உறங்குவதையும் அழிக்கும்வரை மருந்தளிப்பதே அறிவுடைமை. மறந்துபோன நோயைத் தேடும் இவ்வேலைக்கு ஊழியரும் நிதியும் தொடர்ந்து கிடைக்குமா என்பதிலேயே வாவிக்கரையின் எதிர்காலம் தங்கியுள்ளது. 1963 இன் பின் நேர்ந்தது மறத்தற்குரியதன்று.