முஸ்லிம் மனைவிக்கு மார்க்கம் தரும் புகலிடம்

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள தோல் தொழில் ஊர்களில் நம் சபையாருக்கு இசுலாமியர் அண்டை வீட்டார். ஆயினும், கணவனால் துன்புறும் முஸ்லிம் பெண்ணுக்கு அவளுடைய மார்க்கத்தில் புகலிடமே இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது சரியன்று.

ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நபிமொழியில் ஊன்றிய சட்டவிதி. மனைவியை வருத்தும் நோக்குடன் பிடித்து வைத்திருப்பதைத் திருக்குர்ஆன் (2:231) தடுக்கின்றது. பிணக்கு முற்றினால் இரு குடும்பத்தினின்றும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தும்படி கூறுகின்றது (4:35). இன்றும் பள்ளிவாசல் ஜமாஅத்தில் முத்தவல்லியின் முன்னிலையில் இரு வீட்டுப் பெரியோரும் கூடிப் பேசுவது இவ்வழியிலேயே.

ஆனால் சமாதானத்துக்கும் இணங்காமல், தலாக்கும் கொடாமல் இருக்கும் கணவனை என் செய்வது? இப்பகுதி முஸ்லிம்கள், உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும், பெரும்பாலும் ஹனபீ மரபினர். பழைய ஹனபீ சட்டத்தில், காணாமற்போன கணவனின் மனைவி அவனுடைய வயதொத்தவர் யாவரும் மறையும் வரை காத்திருத்தல் வேண்டும். அடிக்கிறான் என்பதும் மணத்தை முறிக்கப் போதிய காரணமன்று. ஒரு வழி மட்டும் இருந்தது: அவள் இசுலாத்தைத் துறந்தால் மணம் முறியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் பெண்கள் பலர் அவ்வழியை நாடினர். சிலர் ஞானஸ்நானமும் பெற்றனர். இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். விசுவாசத்தின் அடையாளம் வழக்குமன்றச் சான்றாயிற்று. அதை மனமாற்றம் என மகிழ்ந்து பதிவேட்டில் எழுதியவர் நம்மவரே. உலமாக்களோ வேறு கேள்வி கேட்டனர்: நம் சட்டமன்றோ இவர்களை வெளியே தள்ளுகின்றது? தேவபந்து மரபின் அறிஞர் அஷ்ரப் அலி தானவி, மாலிகீ மரபின் தீர்ப்புகளை ஏற்று, ஹனபீ பெண்களுக்கு வழி திறந்தார். அதன் பயனாகவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் பிறந்தது.

கணவன் நான்கு ஆண்டுகள் காணப்படாவிடினும், இரண்டு ஆண்டுகள் பராமரிப்புக் கொடாவிடினும் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். கொடுமையும் தனியே போதிய காரணம். உடலில் அடி விழாமல் வாழ்வைத் துயரமாக்கும் நடத்தையும் அதில் அடங்கும். மனைவியின் சொத்தை விற்பதும், அதன்மீது அவளுக்குள்ள உரிமையைத் தடுப்பதும் கொடுமையே. காலணித் தொழிற்சாலையில் உழைக்கும் பெண்ணின் கூலியும் மஹர் தொகையும் அவளுக்கே உரியவை என்பதை நினைத்தால் இவ்விதியின் பொருள் விளங்கும். (கணவனின் தொழுநோயும் ஒரு காரணமாக இருந்தது, 2019இல் அது நீக்கப்பட்டது. காரிகிரியை அறிந்த நமக்கு இது நற்செய்தி.) மதம் மாறுவதனால் மட்டும் மணம் முறியாது என்றும் அச்சட்டம் விதித்தது.

நம் சட்டம் எவ்வாறிருந்தது? 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நாட்டினால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நாட்ட வேண்டியிருந்தது. கொடுமை மட்டுமே போதும் என்னும் நிலை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் வந்தது. முஸ்லிம் மனைவிக்கு 1939இல் கிட்டிய உரிமைக்குக் கிறிஸ்தவ மனைவி அறுபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தாள். அதுவரை நாம் அண்டை வீட்டாளுக்காக இரங்கிக்கொண்டிருந்தோம்.

முஸ்லிம் பெண்ணின் இடர்கள் தீர்ந்துவிட்டன என்று நாம் கூறவில்லை. ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017இல்தான் செல்லாததாக்கியது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமுறிவு பெற ஜமாஅத்தின் கடிதம் போதாது; நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அதற்குப் பணமும் காலமும் செல்லும். இதற்கிடையில் அவளுடைய உயிருக்குக் காவலாவது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அது எல்லா மதத்தினருக்கும் பொது. அதன்படி, அடிபட்டவள் வந்து கேட்டால், மருத்துவமனைப் பொறுப்பாளர் சிகிச்சை அளித்தே ஆகவேண்டும். ஆம்பூர் பெதஸ்தாவும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இதற்கு விலக்கல்ல.