வேட்டை: அனுமதியும் அமானிதமும்

இறைச்சி உண்பது நமக்கு ஆகுமாக்கப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் ஆகுமானதை எப்படி வேண்டுமானாலும் அடையலாமா? வாசக நெஞ்சங்களே, சற்றுச் சிந்தியுங்கள்.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை குறித்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த விளக்கங்கள் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால், அது பிடித்துத் தருவதை உண்ணலாம். நாயே அதில் சிறிது தின்றுவிட்டால் உண்ணலாகாது. அது தனக்காகப் பிடித்திருக்கக் கூடும். அம்பு பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தாலும் உண்ணலாகாது. கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. ஐயம் எழும் இடத்தில், பசித்தவன் கையைக்கூட மார்க்கம் தடுத்து நிறுத்துகிறது!

இஹ்ராம் அணிந்தவருக்குக் கடல் வேட்டை ஆகும். தரை வேட்டை ஆகாது. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எய்வதோ எவருக்கும் தடுக்கப்பட்டது. உண்பதற்காகக் கொல்வது வேறு, விளையாட்டுக்காகக் கொல்வது வேறு என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

இன்றைய நிலை என்ன? கானமயில் குடும்பத்தைச் சேர்ந்த ஹுபாரா என்னும் பறவை, குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பாகிஸ்தானின் பாலைநிலங்களுக்கு வருகிறது. வளைகுடா நாட்டுச் செல்வந்தர்கள் வல்லூறுகளுடன் அங்கு சென்று அதனை வேட்டையாடுகின்றனர். அவர்களைப் பசியா அங்கு அழைத்துச் சென்றது? 2015 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வேட்டைக்குத் தடை விதித்தது. 2016 ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டது. நீதிமன்றம் தடையை நீக்கலாம். மறுமையின் கேள்வியை யார் நீக்குவது?

இதற்கு மாறான முன்மாதிரியும் நம்மிடையே உண்டு. அருகிவரும் விலங்கினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று இந்தோனேசிய உலமா சபை 2014இல் ஃபத்வா வழங்கியது. அறுக்கும் முறை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பெறும் வழியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடம் உண்டு. காட்டு முயலும் கௌதாரியும் மறைவாக விற்பனைக்கு வரும்போது, "ஹலால்தானே, அறுத்துக் கொள்ளலாம்" என்று வாங்கிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வேட்டையாடத் தடை விதித்திருப்பதை மறந்துவிடுகிறோம். நாட்டுக்கோழியும் ஆடும் நம் தேவைக்குப் போதாவா?

சகோதரிகளே! உங்கள் அடுப்பில் ஏறுவது எங்கிருந்து, எவ்வழியில் வந்தது என்று ஒருமுறை கேளுங்கள். படைப்பினங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தில் தேவைக்கு எடுப்பவன் அடியான், வீணடிப்பவன் மோசடிக்காரன்.