ஒரு மாடு எத்தனை ஏக்கருக்கு உரம் தரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரே ஒரு நாட்டு மாடு இருந்தால் 30 ஏக்கரில் ரசாயன உரமே இல்லாமல் விவசாயம் பண்ணலாம் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. 'ஜீரோ பட்ஜெட்' விவசாயத்தைப் பிரபலப்படுத்திய, மகாராஷ்டிராவைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் சொல்லிவரும் கணக்கு இது. 2019 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்த முறையைக் குறிப்பிட்டார். 2024 நவம்பரில், 2,481 கோடி ரூபாய் மதிப்பில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 1 கோடி விவசாயிகளை இதில் சேர்ப்பதுதான் இலக்கு.

சரி, ரெண்டு மாடும் ரெண்டரை ஏக்கரும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், இதை நம்பி யூரியாவை நிறுத்திவிடலாமா? பயிர் அதிகம் கேட்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மூட்டை யூரியா, எவ்வளவு எருவுக்குச் சமம்?

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மக்கிய தொழு உரத்தில் இருப்பது சுமார் 0.5 சதவீதம்தான். ஆக, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன்னுக்கு மேல் எரு வேண்டும்.

ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். வருஷத்துக்கு 3,650 கிலோ. மக்கும்போது ஏறக்குறைய பாதி எடை போய்விடும். மிஞ்சும் 1.8 டன் எருவில் சுமார் 9 கிலோ நைட்ரஜன் கிடைக்கும். அரை மூட்டை யூரியாகூட இல்லை. பாசன நெல்லுக்கோ ஏக்கருக்கு 40 முதல் 50 கிலோ தேவை.

நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.98 கோடி. நிகர சாகுபடிப் பரப்பு சுமார் 14 கோடி ஹெக்டேர். கன்றுகளைச் சேர்த்தாலும் ஏக்கருக்கு ஒரு கால்நடைகூட வரவில்லை. அதிலும் ஒரு பங்கு சாணம் வரட்டியாகி அடுப்புக்குப் போகிறது.

அப்போ ஜீவாமிர்தம்?

ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தத்தில் சேர்வது 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதிலுள்ள நைட்ரஜன் மிகக் குறைவு. இது உரம் இல்லை, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைத் தூண்டிவிடும் கரைசல் என்றுதான் இதை ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் பயிருக்கான நைட்ரஜன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

மாடு நைட்ரஜனை உருவாக்குவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். வயலில் விளைந்த வைக்கோலையும் தீவனத்தையும் தின்று, அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பாலோடு கொஞ்சம் வெளியே போகிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் புதிதாகப் பிடித்து வருபவை முக்கியமாக ரெண்டு. ஒன்று, இயற்கை எரிவாயுவில் ஓடும் யூரியா ஆலை. இன்னொன்று, பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா.

என்ன பண்ணலாம்?

முதலில் கோமியம். மாடு வெளியேற்றும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி கோமியத்தில்தான் இருக்கிறது. மண் தரைத் தொழுவத்தில் அது அப்படியே வீணாகும். தரையைச் சரிவாக்கி ஒரு குழியில் பிடிக்கலாம், இல்லையென்றால் கழிவு வைக்கோலைப் பரப்பி ஊறவைத்து எருக்குழியில் போடலாம். எருவை வெயிலிலும் மழையிலும் விடாமல் நிழலில் மூடி வைப்பதும் அவசியம்.

அடுத்தது பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு அல்லது சணப்பையை விதைத்து, 45 முதல் 50 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 20 முதல் 35 கிலோ நைட்ரஜன் வரை சேரும். ரெண்டு மாட்டின் சாணம் தருவதைவிட இது அதிகம்.

மூன்றாவது, கோபர் கேஸ். ரெண்டு மாட்டின் 20 கிலோ சாணத்தில் தினமும் சுமார் 0.8 கன மீட்டர் வாயு வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ எல்பிஜிக்குச் சமம். வரட்டியாக எரித்தால் நைட்ரஜன் புகையோடு போய்விடும். இதிலோ கழிவுக் கரைசலில் அது மிஞ்சும், அதை வயலுக்கே திருப்பிவிடலாம்.

இப்போது கூட்டுவோம். ரெண்டரை ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 112 கிலோ நைட்ரஜன் தேவை. சாணத்தில் 18 கிலோ, கோமியத்தைச் சேமித்தால் இன்னொரு 12 கிலோ, ஒரு ஏக்கர் பசுந்தாளில் 25 கிலோ. மொத்தம் 55 கிலோ, தேவையில் பாதி. ஆனால் எருவில் உள்ள நைட்ரஜன் முதல் பருவத்திலேயே முழுசாகக் கிடைக்காது, வருஷா வருஷம் போடப் போடத்தான் பலன் கூடும். அதனால் யூரியாவையும் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்த இலங்கை, விளைச்சல் சரிவையும் விவசாயிகளின் போராட்டத்தையும் சந்தித்து நவம்பரிலேயே பின்வாங்கியது.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை?

வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக ஒரு மூட்டை யூரியா 242 ரூபாய். மீதி விலையை அரசு மானியமாகக் கட்டுகிறது. 55 கிலோ நைட்ரஜனை யூரியாவாக வாங்கினால் 700 ரூபாய்கூட ஆகாது. எருவை அள்ளிக் கொட்டும் கூலியே அதைத் தாண்டிவிடும்.

எரு தரும் கரிமச் சத்தையும், மண்ணில் ஈரம் நிற்பதையும் இந்த 700 ரூபாய் கணக்கில் பார்க்க முடியாது. யூரியாவைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் 50 சதவீதத்தைத் தருவதாக 'பிஎம்-பிரணாம்' திட்டம் 2023-ல் வந்தது. அந்தப் பணம் போவது மாநில அரசுக்கு. தொழுவத்துக்குச் சிமென்ட் தரை போட்டு, எருவை அள்ளும் குடும்பத்தின் கைக்கு நேராக ஏதாவது வந்தால்தான், இந்தக் கணக்கு அவர்களுக்கும் கட்டுப்படியாகும்.