மோட்டார் வண்டிப் பழுதுகளுக்கு முதல் வெல்டிங் யந்திரம்

மழைக்காலங் கழிந்தபின் ஜீப்பின் தரைத்தகடு துருவேறி ஓட்டையாவதும், அறுவடை நாளில் டிரெயிலரின் பக்கக்கதவுக் கீல் விட்டுப்போவதும் விவசாயிகள் யாவரும் அறிந்தவையே. பட்டறையில் வண்டி காத்துக்கிடந்தால் வேலை தடைப்படும். ஆகையால் சொந்தமாய் ஒரு வெல்டிங் யந்திரம் வாங்க எண்ணுவோர் பலர். விலையை மட்டும் விசாரித்து வாங்குதல் உசிதமன்று. பற்றவைக்கவேண்டிய இரும்பின் கனத்தை முதலில் அறிதல் அவசியம்.

தகட்டின் கனம்: காரின் மேல்தகடு ஏறக்குறைய 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனமுடையது. பழகாதவர் இதில் ராடு வெல்டிங் செய்தால் தகடு உருகி, ஓட்டை பெரிதாகும். கம்பியைத் தானே செலுத்தும் மிக் யந்திரமே இதற்கு ஏற்றது. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பியும், ஆர்கானும் கரியமிலவாயுவுங் கலந்த சிலிண்டரும் வேண்டும். காற்று வீசுமிடத்தில் வாயு கலைந்து பற்று பலவீனமாகுமாதலால், கொட்டகைக்குள் வேலை செய்யவேண்டும்.

டிரெயிலர்ச் சட்டம் முதலிய 3 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்புக்கு இன்வெர்ட்டர் ராடு யந்திரம் சிலாக்கியமானது. சிலிண்டர் வேண்டுவதில்லை, வெளியிலும் வேலை நடக்கும். 2.5 மி.மீ. ராடுக்குச் சுமார் 60 முதல் 90 ஆம்பியர் போதும். கனத்த வேலை மிகுந்தவர் இதையும், கார்த்தகட்டு வேலை மிகுந்தவர் மிக் யந்திரத்தையும் முதலில் வாங்குவது நலம்.

வேலை நேரம்: பெயர்த்தகட்டில் 150 ஆம்பியருக்கு 20 சதவீதம் என்றிருப்பின், அந்த அளவில் 10 நிமிஷத்தில் 2 நிமிஷமே பற்றவைக்கலாம், மீதி 8 நிமிஷம் ஆறவிடவேண்டும்.

மின்சாரம்: வீட்டிலுள்ள 230 வோல்ட் இணைப்பின் வயர் யந்திரத்தைத் தாங்குமாவென்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரத்தை வெல்டிங்குக்கு எடுப்பது, 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகமாகும். கிராம அதிகாரிகள் இதை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.

ஜாக்கிரதை: காலியான பெட்ரோல் டாங்கியிலும் ஆவி தங்கியிருக்கும், பொறி பட்டால் வெடித்து உயிரைப் போக்கும். அதை ஒருபோதும் பற்றவைக்கலாகாது. வேலைக்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றவேண்டும். முகமூடியின்றி ஒளியைப் பார்த்தால் கண் கெடும். வேடிக்கை பார்க்குஞ் சிறுவர்களையும் விலக்கவேண்டும். ஸ்டீரிங், பிரேக், ஆக்ஸில், டிரெயிலர்க் கொக்கி ஆகியவற்றைத் தேர்ந்த தொழிலாளியிடமே விடவேண்டும்.

முகமூடி, தோல் கையுறை இவற்றின் விலையையும் யந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும். கழிவுத் தகடுகளில் சில நாள் பழகியபின்னரே வண்டியில் கைவைப்பது உத்தமம்.