கியரை மாற்றும் முன் தொப்பூர் இறக்கத்தை நினையுங்கள்

பழைய ஜீப் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: அறுபதைத் தாண்டினால் வண்டி அலறுகிறது. பென்னாகரம் ரோட்டிலும் அரூர் ரோட்டிலும் பாங்காகப் போகிற அதே ஜீப், தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறியதும் திணறத் தொடங்கிவிடும். பாரம் ஏற்றிய லாரிகூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. சேலம் போய்த் திரும்புவதற்குள் காதும் இடுப்பும் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்பா காலத்து ஜீப்பைத் தூசி தட்டி எடுப்பவர்களும், ஏலத்தில் வந்த வண்டியை ஆசையாக வாங்குபவர்களும் பெயின்ட் வேலை முடிந்த கையோடு ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் அடுத்த கேள்வி, கியர் விகிதத்தை மாற்ற முடியுமா என்பதுதான். முடியும். பல ஊர்களில் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்துகொள்பவர், சமவெளிக்காரர் யோசிக்காத ஒன்றையும் யோசித்தாக வேண்டும்.

உழவுக்குப் பிறந்த பல்

இரண்டாம் உலகப் போருக்காக வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 4.88. போர் முடிந்து, 1945-இல் பொதுமக்களுக்கென வந்த சி.ஜே. 2ஏ-வில் அதை 5.38 ஆக்கினார்கள். காரணம், அந்த வண்டியை விவசாயிக்கு விற்க நினைத்தார்கள். ஏர் இழுக்க வேண்டும், பாரம் இழுக்க வேண்டும், ஆள் நடக்கும் வேகத்தில் வயலுக்குள் ஊர வேண்டும். வேகம் இரண்டாம்பட்சம். மும்பையில் 1949 முதல் பூட்டப்பட்டு, பிறகு இங்கேயே தயாரான ஜீப் வகைகளில் இந்த 5.38 நெடுங்காலம் தொடர்ந்தது. அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன சி.ஜே. 3பி, இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது.

டிஃபரென்ஷியலைத் திறந்தால் கணக்கு கண்ணுக்கே தெரியும். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்தரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். 6.00-16 டயரோடு டாப் கியரில் மணிக்கு 80 கி.மீ. போனால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,150 சுற்று ஓடும். பழைய பெட்ரோல் என்ஜினுக்கே அது சுமைதான். நம் பக்கத்து ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசலுக்கு மாறியவை. பெட்ரோல் என்ஜினைவிடக் குறைந்த சுற்றில் ஓடப் பிறந்த டீசல் என்ஜினை மணிக்கணக்கில் அந்த வேகத்தில் வைத்தால், பாவம், கத்தாமல் என்ன செய்யும்?

கிரவுனில் 47, பினியனில் 11 பல் உள்ள செட்டைப் போட்டால் விகிதம் 4.27 ஆகிறது. அதே 80 கி.மீ. வேகத்துக்கு 2,500 சுற்று போதும். சத்தம் அடங்கும், டீசல் மிச்சமாகும், என்ஜினின் ஆயுள் கூடும். பிரிட்டனில் பழைய சீரிஸ் லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்களும் இதே வழியில்தான் போனார்கள். 4.7 விகித டிஃபரென்ஷியலைக் கழற்றிவிட்டு, ரேஞ்ச்ரோவரின் 3.54-ஐ மாட்டி, அதே என்ஜின் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம் எடுத்தார்கள்.

வேலையும் கை தேர்ந்தவர் செய்தால்தான் நிற்கும். பினியனுக்கு அடியில் ஷிம் வைத்து ஆழம் பார்க்க வேண்டும். கிரவுன் பல்லில் நீல மை தடவிச் சுற்றிவிட்டு, பல்லின் நடுவில் தடம் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி இருக்கலாம். கூடினால் உறுமும், குறைந்தால் சூடேறித் தேயும். அத்தோடு, முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்வீல் போட்டால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கும்.

இறக்கத்தில் என்ன ஆகும்?

இதுவரை சொன்னதெல்லாம் ஜீப் ஆர்வலர்கள் அறிந்ததுதான். ஏறுவதற்கும் ஓடுவதற்கும் கணக்குப் பார்க்கிறார்கள். இறங்குவதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. என் கவலையெல்லாம் அங்கேதான்.

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர் யாராக இருந்தாலும் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களைக் கேட்டாலே இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் முகம் மாறும். 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த ஒரே லாரி, முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அடித்துத் தள்ளியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு தொடர் மோதல், மறுபடியும் உயிரிழப்பு. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று அங்கே திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். கியரில் இறங்கும் வண்டியை என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் பொருள்.

அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? ஆக்ஸிலில் உள்ள விகிதமும் கியர்பெட்டியில் உள்ள விகிதமும் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. பழைய மூன்று கியர் டி-90 பெட்டியில் இரண்டாவது கியர் 1.55. ஆக்ஸில் 5.38 ஆக இருந்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது என்ஜின் ஏறத்தாழ 2,450 சுற்றில் நின்று வண்டியைப் பிடிக்கும். 4.27-க்கு மாற்றிய பிறகு அதே கியரில், அதே வேகத்தில் சுற்று 1,950-க்கு இறங்கிவிடும். சுற்றும் குறைகிறது, என்ஜினின் எதிர்ப்பு சக்கரத்தில் போய்ச் சேரும் பலமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டும் சேர்ந்து வரும் இழப்பு சின்ன இழப்பல்ல.

முதல் கியருக்கு இறங்கலாமே என்பீர்கள். டி-90-இன் முதல் கியரில் சின்க்ரோ கிடையாது. உருளும் வண்டியை அதில் தள்ள, டபுள் கிளட்ச் அடித்து, சுற்றைச் சரியாக ஏற்றிப் போட வேண்டும். கை தவறினால் பல் கத்தும், கியர் விழாது, வண்டி நியூட்ரலில் நிற்கும். இறக்கத்தில் அதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

லோ கியர் இருக்கிறதே என்பீர்கள். இந்த ஜீப்புகளின் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபோர்வீல் போடாமல் லோ விழாது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்வீல் போட்டு வளைவில் திருப்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போக முயன்று ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் இறுகும். சேற்றுக்கும் மணலுக்கும் உள்ளது அது. நெடுஞ்சாலை இறக்கத்தில் அதை நம்பி இறங்க முடியாது.

மிஞ்சுவது பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் சிறிய டிரம், ஒற்றைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், பல வண்டிகளில் பூஸ்டரே கிடையாது. ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், நான்கு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. என்ஜின் தன் பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் அதில் பெரும்பகுதி அந்த நான்கு டிரம்களுக்குள்தான் போகும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடியை இழக்கும், பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். மிதித்த கால் தரைவரை போகும். முன்னால் கன்டெய்னர் லாரி நிற்கும்.

இதைவிட நுட்பமான கண்ணி ஸ்பீடோமீட்டரில் இருக்கிறது. அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. ஆக்ஸில் பல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-இல் போய்க்கொண்டிருக்கும். சத்தமும் குறைந்துவிட்டதால், மெதுவாகத்தான் போகிறோம் என்று காதும் சொல்லும், கண்ணும் சொல்லும். பிடி குறைந்த வண்டி, குறைத்துக் காட்டும் முள், கீழே தொப்பூர். ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் வண்டியை வெளியே விடும் ஒர்க்‌ஷாப் எதுவாக இருந்தாலும் அது செய்வது பெரும் தவறு.

மலை ஏறுபவர்களுக்கும்

கணவாயோடு முடிந்துவிடவில்லை. வத்தல்மலைக்கு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அரூர்ப் பக்கம் சித்தேரி மலைப்பாதை. கோட்டூர் மலைக்கு வண்டிப்பாதை இல்லாமல் தேர்தல் தோறும் வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதைகள் சுமந்து போன மாவட்டம் இது. மேடு என்றால் என்ன என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் கியரில் மொத்த விகிதம் 15-இலிருந்து 12-க்கு இறங்கிய ஜீப், வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சைத் தேய்த்துத்தான் கிளம்பும். காப்பியும் மிளகும் சாமையும் ஏற்றிக்கொண்டு அதே வளைவுகளில் இறங்கும்போது மறுபடியும் அந்தப் பிடி பிரச்சினைதான். பெரிய டயர் போட்டு வேகத்தைக் கூட்டுவதும் இதே கதை. 6.00-க்குப் பதில் 7.00 போட்டால் அதே சுற்றில் வேகம் சுமார் 7 சதவீதம் ஏறும், அந்த அளவுக்கு என்ஜின் பிடி இறங்கும், பிரேக்குக்கும் சுமை கூடும்.

டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் போட்டுவிட்டால் எந்த விகிதமும் பயமில்லை என்போர் உண்டு. பழைய வண்டியில் ஒரு ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்போரும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டிஸ்க்கும் தொடர்ந்து மிதித்தால் சூடேறும். மாற்றாமலே விட்டால், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 50-இல் ஊர்வதும் ஆபத்துதான்.

எது வழி?

தருமபுரிக்காரருக்கு என் பரிந்துரை, ஆக்ஸிலில் கை வைக்காதீர்கள். 5.38 அங்கேயே இருக்கட்டும். வேகத்துக்கான விகிதத்தை, வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது விலக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். பழைய ஜீப்புக்கென்று வந்த ஓவர்டிரைவ் பெட்டி அப்படிப்பட்டதுதான். சுற்றைச் சுமார் 25 சதவீதம் குறைக்கும். லீவரைத் தள்ளினால் பழைய விகிதம் திரும்பிவிடும். இந்தியாவில் அது கிடைப்பது அரிது. கைக்கு எட்டுகிற வழி ஐந்து கியர் பெட்டி. ஐந்தாவது கியர் ஒன்றுக்கும் கீழே இருப்பதால் சமவெளியில் என்ஜின் அமைதியாக ஓடும். இறக்கம் வந்ததும் மூன்றாவது, இரண்டாவது என்று இறங்கினால் 5.38-இன் முழுப் பிடியும் கையில் இருக்கும். சின்க்ரோ இருப்பதால் ஓடும்போதே கியர் இறக்கலாம். முதல் கியரும் பெரும்பாலும் பழைய மூன்று கியர் பெட்டியைவிட வலுவாகவே இருக்கும், மலைக்காரர்களுக்கு அது இரட்டை லாபம். ஸ்பீடோமீட்டர் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்தே ஓடுவதால் முள்ளும் பொய் சொல்லாது. செலவு கொஞ்சம் கூடும். மவுன்டிங் மாற்ற வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு நியாயமான செலவு.

ஆக்ஸிலையே மாற்றியாக வேண்டும் என்பவர்கள் ஒரே தாவலில் 4.27-க்குப் போகாமல் 4.88-இல் நிற்கலாம். பிரேக் வேலையை முதலில் முடித்துவிட்டுப் பல் வேலைக்கு வாருங்கள்: புது லைனிங், புது ஆயில், இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். டீசல் என்ஜின் என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் பம்பு ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் நின்றால் பூஸ்டரின் உதவியும் நின்றுவிடும் என்பதால் இறக்கத்தில் சாவியைத் திருப்பி அணைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வேலை முடிந்ததும் பைபாஸில் ஓட்டி, சத்தம் போச்சா அண்ணா என்று கேட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறீர்கள். உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போக்குவரத்து இல்லாத ஒரு சிறு இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். முன்பு எந்தக் கியரில் இறங்கினாரோ அதே கியர் இனிப் போதாது என்பதை அவர் தொப்பூருக்குப் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. அதை உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே அவருக்குப் புரியவைத்து அனுப்புங்கள்.