பனியைத் தாங்கும் பனை

அண்மையில் படிவம் ஐந்து மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சி ஒன்று கொடுத்தேன். இங்கிலாந்துத் தோட்டத்தில் பனை வளர்ப்பது பற்றிய பத்தி. பாதிப் பேர் "குளிர்நாட்டில் பனை வளராது" என்று எழுதி வைத்திருந்தார்கள். பத்தியை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கத்துத் தென்னையை நினைத்து எழுதிய விடை! அதனால்தான் இந்த விளக்கம்.

தென்னைக்குக் குளிர் ஆகாது. உறைபனி பட்டால் ஓலை கருகிவிடும். ஆனால் பனைக் குடும்பம் முழுதும் அப்படியில்லை. சீனாவைச் சேர்ந்த சூசன் பனை, நன்றாக வேர் பிடித்தபின், ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849-இல் இதன் கன்றுகளை லண்டன் கியூ பூங்காவுக்கு அனுப்பினார். (சீனத் தேயிலையை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுபோனவரும் இவரே.) இப்பனையின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

சரி, அங்கே பனை எதனால் சாகிறது? மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று விளக்குங்கள். மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் வேறிடத்தில் துளிர் வரும். இந்தப் பனைக்கோ உச்சியில் ஒரே குருத்து. அது போனால் மரமே போச்சு. குளிர்காலத்தில் குருத்தின் அடியில் மழைநீர் தேங்கும், உறையும், இளகும், மறுபடி உறையும். பிறகு அழுகல் பிடிக்கும். அப்போது குருத்தை இலேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். ஆக, குளிரோடு ஈரமும் சேர்ந்துதான் கெடுக்கிறது. அதனால் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வைக்கோலோ காற்றுப் புகும் துணியோ சுற்றுகிறார்கள். பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்து, அழுகல் இன்னும் சீக்கிரம் வரும். அடியில் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும்.

இலக்கிய மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. தொல்காப்பிய மரபியல், வயிரம் வெளியே இருப்பதைப் 'புல்' என்றும் உள்ளே இருப்பதை 'மரம்' என்றும் பிரிக்கிறது. உரைகாரர்கள் பனையையும் தெங்கையும் புல்லில் சேர்ப்பார்கள். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரம் என்றே சொல்கிறது. கட்டுரையில் 'பனை இலை' என்று எழுதாதீங்க. 'பனை ஓலை' என்பதே மரபு.

சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோவில் கதை தலைகீழ். அங்கே பறவைகள் விதையைப் பரப்ப, சூசன் பனை காட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2024 செப்டம்பர் முதல் அந்நாட்டில் அதை விற்கத் தடை.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: குளிர்காலத்தில் பனையைப் பிளாஸ்டிக்கால் சுற்றக்கூடாது, ஏன்? விடையில் 'குருத்து', 'ஈரம்', 'அழுகல்' மூன்றும் காரணத் தொடர்போடு வந்தால் முழுப் புள்ளி கொடுங்கள். 'குளிர் அதிகம்' என்று மட்டும் எழுதினால் நான் பாதிதான் கொடுப்பேன்.